பிறைஸ் அம்மா பாடிய பங்கு

14 ஜனவரி 1996, ஞாயிறு

என் தலையில் கட்டிவிட்டார்கள். மங்கையற்கரசி அக்கா காலையில் எடுத்த தொலைபேசியை மத்தியானம்தான் வைத்தார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளைக்கு அவர்தான் தலைவி. பிறைஸ் அம்மா பள்ளிக்கூடத்தைத் தொடங்கி இந்த வருஷம் நூறு. ஊரில் கொண்டாட ஆள் இல்லை. போன ஒக்டோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து சனம் எல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருக்கிறதா என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. ஆகவே இங்கே ரொறன்ரோவில் ஏப்ரல் இருபதாம் திகதி விழா. வடை, தேநீர், பேச்சு, நடுவில் பிறைஸ் அம்மாவின் வாழ்க்கை ஒரு நாடகமாக. எழுதுவது நான். பிறைஸ் அம்மாவாக நடிப்பதும் நானாம்.

"வேறை ஆர்? நீர்தானே எங்கடை குட்டிப் பிறைஸ் அம்மா" என்றார்.

இருபத்தைந்து வயதில் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போன காலத்தில் ஒட்டிய பெயர். கலியாணம் ஆகவில்லை, கையில் எப்போதும் குடை, வாயும் கொஞ்சம் நீளம் — போதாதா? இப்போது வயது நாற்பத்தேழு. மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் தட்டுத் தட்டாக முள்ளுக்கரண்டி வைக்கிறேன். வேலை மாறிற்று, நாடு மாறிற்று, பெயர் மட்டும் அட்டை மாதிரிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

பொய் சொல்வானேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

20 ஜனவரி, சனி

எழுத இருந்தேன். பிறைஸ் அம்மாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

வேல்ஸில் கல்லுடைக்கும் ஒருவரின் மகள். இருபத்துமூன்று வயதில் மிஷன் ஊழியத்துக்குத் தனியே கப்பலேறி வந்தவர். சைக்கிள் ஓட்டியவர், அதைப் பார்க்க வேலிக்கு வேலி சனம் நின்றதாம், நாய்களும் துரத்தினவாம். மருத்துவச்சிமாருக்கு ஒரு கைநூலைத் தமிழில் ஆக்கினார். உடம்பின் பாகங்களுக்கு, மொழிபெயர்க்க உதவிய பண்டிதர் கொடுத்த பெயர்கள் பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்களுக்கு விளங்கவில்லை என்று, அந்தப் பெண்கள் சொல்லும் சொற்களையே போட்டுவிட்டார். இந்தப் புத்தகத்தில் என் பெயர் வரக்கூடாது என்று பண்டிதர் கோபித்தார். 'மெத்த நன்றி' என்று பிறைஸ் அம்மா பதில் அனுப்பினாராம்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது வேறு. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் தன் தாய்மொழி பேசியதற்காகக் கழுத்தில் மரப்பலகை மாட்டி நிறுத்தப்பட்டவர் அவர். ஆங்கிலம் அவருக்கும் இரவல் மொழிதான். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசிய பிள்ளைக்கு ஒருநாளும் தண்டனை கிடையாது. மற்றப் பள்ளிக்கூடங்களில் தண்டம் வாங்கிய காலம் அது. மிஷன் மேலிடம் கேள்வி கேட்டு எழுதியபோதும் அசையவில்லை.

பிறகு பாட்டுகள். வேல்ஸ் பாட்டுகளைத் தமிழாக்கிப் பாடப் பழக்கினார். அதில் ஒன்று எங்கள் கலியாணப் பாட்டு: 'இருவர் ஒருவழி ஏக அருள்வாய்.' வேதக்காரக் கிறிஸ்தவர் மட்டும் என்றில்லை, சைவப் பிள்ளைகளின் கலியாண வரவேற்பிலும் பள்ளிக்கூடத்துக் கூட்டம் அதைப் பாடாமல் சாப்பிட இருக்காது. சொற்கள் தேன். ராகம்? கடவுளே மன்னிக்கவேண்டும், வேலிமேல் ஏறப் பார்த்து ஏறமுடியாமல் அங்கேயே சுற்றும் கோழி மாதிரி. நாலு சுரத்துக்குள் நின்று நொண்டும். எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்வதில்லை. பிறைஸ் அம்மா தந்த ராகம் அல்லவா.

27 ஜனவரி, சனி

இன்றைக்கு ஒரு புதினம்.

மரியம்மா, என் தம்பி சீமோனின் மனைவி, பிட்டுக்கு மா குழைத்தபடி என் முகத்தைப் பாராமல் சொன்னாள்: "மச்சாள், அன்புராசா அண்ணை உங்களைக் கேட்டுவிட்டவர்."

என்னத்தைக் கேட்டவர் என்றேன். பாடகர் குழுவுக்குப் பாட்டுப் புத்தகம் ஏதும் வேண்டுமாக்கும் என்றுதான் நினைத்தேன். மரியம்மா சிரித்த சிரிப்பில் மா முழுக்கப் பறந்தது.

அன்புராசா எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருப்பவர். பார்சல் வான் ஓட்டுகிறார். மனைவி தவறி ஏழெட்டு வருஷம். மகள் கலியாணம் முடித்து லண்டனில். நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் வீடு பார்த்திருக்கிறார், கோடையில் போகிறார். அதற்கு முன்னால் ஒரு பதில் தெரிந்தால் நல்லம் என்றாராம். அவசரமில்லை என்றும் சொன்னாராம். இரண்டில் எது?

ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்பத்தேழு வயதில் கூறைச் சேலை கட்டி நிற்க, எங்கள் சனம் இருக்கிற ஸ்காபரோ முழுக்கச் சிரிக்கும். அதைவிட — நான் ஆர்? குட்டிப் பிறைஸ் அம்மா. அந்த மனுசி நாற்பது வருஷம் தனியே நின்று காட்டியது. நான் கடைசி வளைவில் வந்து காலை மடிப்பதா?

நல்ல மனுசன்தான். அதுதான் கரைச்சல்.

1 பெப்ரவரி, வியாழன்

மங்கை அக்கா கடைசிக் காட்சியைத் தானே சொல்லிவிட்டார். ஒரு வெள்ளைக்கார டொக்டர் பிறைஸ் அம்மாவைப் பெண் கேட்கிறார். அம்மா மாணவிகளைக் காட்டி, "இவர்கள்தான் என் குடும்பம்" என்று மறுக்கிறார். திரை. கைதட்டல். அப்படி ஒரு டொக்டர் இருந்தாரா என்று கேட்டேன். இருந்திருப்பார்தானே என்றார்.

11 பெப்ரவரி, ஞாயிறு

வந்த கையோடு எழுதுகிறேன். சிரிப்பா, பதற்றமா, தெரியவில்லை.

நாங்கள் ஞாயிறு பின்னேரங்களில் ஆராதனை வைப்பது வேல்ஸ்காரரின் பழைய கோயிலில். காலையில் அவர்கள், பின்னேரம் நாங்கள். அவர்களில் மிச்சம் இருப்பது நாற்பது பேர், எல்லோரும் நரைத்த தலை. சாவி திருமதி பியூவிடம். எழுபத்தெட்டு வயது, சுண்டெலி மாதிரிச் சுறுசுறுப்பு, எங்கள் கறி மணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத புண்ணியவதி.

இன்று நிலவறையில் நாடகத்துக்காகக் கலியாணப் பாட்டைப் பாடிப் பார்த்தோம். பதினெட்டுப் பேர், முழுத் தொண்டையில். திருமதி பியூ படியில் வந்து நின்று கேட்டார். முடிந்ததும் என்னிடம் வந்து மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

மற்றப் பங்குகளைப் பாடுகிறவர்கள் இன்றைக்கு வரவில்லையா?

எந்தப் பங்கு என்றேன். இது எங்கள் ஊர்ப் பாட்டு, எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், ஆனால் நீங்கள் பதினெட்டுப் பேரும் ஆல்டோ மட்டும் பாடுகிறீர்களே என்றார். விளங்காமல் விழித்தோம். அவர்கள் ஒரு பாட்டை நான்கு குரலில் பாடுவார்களாம். பெண்களில் மேல்குரல் ஒன்று. ராகம் அதில்தான் இருக்கும். பெண்களில் கீழ்க்குரல் ஆல்டோ. ஆண்களில் இரண்டு. ஆல்டோ என்பது ராகமே இல்லை, ராகத்துக்கு அண்டை கொடுக்கும் பங்கு. பியானோவில் இருந்து உண்மையான ராகத்தை ஒரு விரலால் வாசித்துக் காட்டினார்.

அது ஏறிற்று. ஏறி, வேலியைத் தாண்டி, அந்தப் பக்கம் வடிவாக இறங்கிற்று.

அன்புராசாதான் மெல்லக் கேட்டார்: "அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் பாடினது பாட்டில்லையோ?"

12 பெப்ரவரி, திங்கள்

ஊர் முழுக்க. மூன்று தலைமுறை. ஆல்டோ.

18 பெப்ரவரி, ஞாயிறு

செய்தி பரவிவிட்டது. ரொறன்ரோவின் மறுகோடி ரெக்ஸ்டேலில் இருந்துகூடத் தொலைபேசி.

சீமோனுக்கு ஒரே கொண்டாட்டம். தன் கலியாணத்துக்கும் அந்தக் கால்வாசிப் பாட்டைத்தான் பாடினார்கள், அதுதான் வீட்டில் தனக்குக் கால்வாசிப் பேச்சுத்தான் கிடைக்கிறது என்றான். மீதி முக்காலும் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று மரியம்மா உள்ளே இருந்து சொன்னாள்.

போதகர் இதை வெளியில் அதிகம் பேசவேண்டாம் என்கிறார். மங்கை அக்கா நம்பவே இல்லை. பிறைஸ் அம்மா பிழை விடமாட்டாராம்; வேல்ஸ்காரர்தான் பிறகு ராகத்தை மாற்றியிருப்பார்களாம். அவர்களுடைய பாட்டை அவர்களே பிழையாகப் பாடுகிறார்கள் என்று சொல்ல எங்கள் ஆட்களால்தான் முடியும்.

ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை. சங்கீதம் தெரியாத மனுசி இல்லையே அவர். அறுபது பாட்டை ஒரு சந்தம் தவறாமல் தமிழில் இருத்தியவர், ராகம் எது என்று தெரியாமல் விட்டாரா? ஏன்?

திருமதி பியூவிடம் கேட்டேன். அடுத்த மாதம் முதலாம் திகதி தங்கள் புனிதர் தாவீதின் திருநாள், வந்து கூட இருந்து பார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

1 மார்ச், வெள்ளி

பனி கொட்டியது. பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று அன்புராசா வானில் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை, மரியம்மாவின் வேலை.

வேல்ஸ்காரர் எல்லோரும் சட்டையில் மஞ்சள் பூக் குத்தியிருந்தார்கள். நான் கணவன்மார் பக்கத்தில் மனைவிமார் இருப்பார்கள் என்று பார்த்தால், இல்லை. குரல்படிதான் உட்காரும் வாங்கு. மேல்குரல் ஓரிடம், கீழ்க்குரல் ஓரிடம், ஆண்கள் பின்னால் இரண்டு பிரிவு. என்னைத் திருமதி பியூ தன் பக்கத்தில் இருத்தினார். அன்புராசாவை ஒருமுறை இருமச் சொல்லிக் கேட்டுவிட்டு, நீ பாஸ், ஆண்களில் கீழ்க்குரல், என்று கடைசி வாங்குக்கு அனுப்பினார்கள்.

எங்கள் பாட்டைப் பாடினார்கள். இதை எப்படி எழுதுவது? எனக்குப் பழகிய அந்த நொண்டி ராகம் என் இரண்டு பக்கத்திலும் கேட்கிறது. அதன்மேல் மற்றது ஏறிப் போகிறது. கீழே இருந்து ஆண்குரல் தாங்குகிறது. அந்த நாலு சுரம் ஏன் அசையாமல் நின்றது என்று அப்போது விளங்கிற்று. எல்லாம் அதன்மேல் கைவைத்துத்தான் ஏறின. நான் அழுதேன். ஒளிப்பானேன்.

பிறகு தேநீர் குடிக்கும்போது திருமதி பியூ சொன்னார். பதினொரு வயதில் குரலைக் கேட்டு ஆல்டோ வாங்கில் இருத்தினார்களாம். அன்றிலிருந்து சாகும்வரை அதே பங்குதான். சமைக்கும்போது முணுமுணுத்தாலும் அதுதான் வாயில் வரும், ராகத்தைப் பாடென்றால் தடுமாறும். உங்கள் பிறைஸ் அம்மாவும் ஆல்டோவாக இருந்திருப்பார் என்றார். பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டியிருப்பார், வாயில் வந்தது தன் பங்கு, பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிழை என்று அவருக்குத் தெரிந்திராதா என்று கேட்டேன்.

அவர் தன் கணவர் ஆண்களின் கடைசி வாங்கில் இருந்து பாடியவர் என்றும், அவர் போய்ப் பத்து வருஷமாகியும் பாட்டுத் தொடங்கினால் அவர் குரல் தன் காதில் கேட்கும் என்றும் சொன்னார். "அவளுக்கும் மற்ற மூன்றும் காதில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும் பிள்ளை. தான் தனியே பாடுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திராது."

திரும்பி வரும்போது அன்புராசா ஒன்றும் கேட்கவில்லை. தான் படித்த பாஸ் பங்கை முணுமுணுத்தபடி வானை ஓட்டினார். வாசலில் இறக்கிவிட்டு, வழுக்கும், பார்த்துப் போங்கோ ரீச்சர் என்றார். ஏன் இந்த மனுசன் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கிறதில்லை? எனக்குக் கோபம் வந்தது. கோபம் ஏன் வந்தது என்று பிறகு இன்னும் கோபம்.

9 மார்ச், சனி

மங்கை அக்காவோடு சண்டை. டொக்டர் காட்சியை எழுதமாட்டேன் என்றேன். சனத்துக்கு ஒரு தியாகம் வேண்டாமா என்றார். எனக்குச் சூடேறிவிட்டது.

"அவ கலியாணம் வேண்டாமெண்டு சொன்னவ எண்டு உங்களுக்கு ஆர் அக்கா சொன்னது? அந்தப் பனையடிக்குள்ளை அவவை ஒருத்தரும் கேக்கேல்லையோ என்னவோ. கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பா."

அக்கா மெதுவாக, "றோசி, நீர் இப்ப பிறைஸ் அம்மாவைப் பற்றித்தான் கதைக்கிறீரோ?" என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டேன்.

10 மார்ச், ஞாயிறு

மங்கை அக்காவுக்கு எப்படித் தெரியும்? மரியம்மாவுக்குத் தெரிந்தால் ரொறன்ரோவுக்கே தெரியும். அதுதான் எப்படி.

யோசித்துப் பார்த்தால், தனியே நிற்பது பெரிய கெட்டித்தனம் என்று பிறைஸ் அம்மா ஓரிடத்திலும் சொன்னதில்லை. நாங்கள் சொன்னோம். நாங்கள் சொல்லி, அதை நான் சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன். அளவாகத்தான் இருந்தது. இப்போது கொஞ்சம் இறுக்குகிறது.

6 ஏப்ரல், சனி

கடைசிக் காட்சி எழுதியாயிற்று. டொக்டர் இல்லை. கிழவியாகிய பிறைஸ் அம்மா பின்னேரம் பள்ளிக்கூடத்துக் கதவுகளைச் சாத்திக்கொண்டு தன் பங்கைப் பாடுகிறார். அவ்வளவுதான். மங்கை அக்கா வாசித்துவிட்டு, சரி பிள்ளை, உமது விருப்பம் என்றார். வடைக்கு உழுந்து ஊறப்போடுவதைப் பற்றித்தான் பிறகு பேசினோம்.

அன்புராசா பார்சல் கொடுக்கப் போகிற வீட்டு வாசலிலும் பாஸ் பாடுகிறாராம். ஒரு வெள்ளைக்காரி கதவைத் திறந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாளாம்.

20 ஏப்ரல், சனி

முடிந்தது. மண்டபம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். சைக்கிள் காட்சிக்குச் சிரித்த சிரிப்பில் நான் சைக்கிளில் இருந்து உண்மையாகவே விழுந்தேன். அதையும் நடிப்பென்று கைதட்டினார்கள். கழுத்தில் பலகை மாட்டிய காட்சியில் மூன்றாம் வரிசையில் இருந்த வேல்ஸ்காரரில் ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசிக் காட்சி. நரைமுடி வைத்து, குடையோடு, தனியே நின்று தொடங்கினேன். முதல் வரி முடிய மூன்றாம் வரிசை எழும்பிற்று. நான் எழுதியதில் அது இல்லை. திருமதி பியூவின் ஏற்பாடு. மேல்குரல் ஏறிற்று, ஆண்குரல்கள் சேர்ந்தன. எனக்கு என் பங்கு தவறிப்போயிற்று! ராகம் அப்படி இழுத்தது. அப்போது மேடைக்குப் பின்னால் இருந்து எங்கள் பெண்கள் பதினாறு பேரும் அந்த நொண்டி ராகத்தைக் கெட்டியாகப் பிடித்தார்கள். அதை அசைக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது, மூன்று தலைமுறைப் பழக்கம். நான் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து சேர்ந்தேன்.

திரைக்குப் பின்னால், ஆட்கள் உட்கார்ந்த கதிரைகளைக் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார் அன்புராசா. நான் இன்னும் நரைமுடியைக் கழற்றவில்லை. போய்ப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அஜக்ஸிலை இருந்து மிசிசாகாவுக்கு வேலைக்குப் போகலாமோ?"

அவர் கதிரையைக் கீழே வைத்தார். "ட்ரெயின் இருக்கு ரீச்சர். தூரம்தான். விடிய வெள்ளென எழும்பவேணும்."

"நான் வெள்ளென எழும்புறனான்."

"ஓம்" என்றார். அந்த ஒரு கதிரையையே திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டு நின்றார்.

12 மே, ஞாயிறு

ஸ்காபரோ சிரிக்கும் என்று பயந்தேன். சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், அதோடு அதற்கு ருசி போய்விட்டது. மங்கை அக்கா கூறைக்கு நிறம் பார்க்கிறார். மரூன்தான் என்று முடிவாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

17 செப்ரெம்பர், செவ்வாய், அஜக்ஸ்

சனிக்கிழமை நடந்த எங்கள் கலியாணத்தைப் பற்றி இன்றுதான் எழுத நேரம் கிடைத்தது. வீட்டில் இரண்டு பேரின் சட்டிபானைகள், எல்லாம் இரண்டிரண்டு. எதை வைப்பது, எதை விடுவது என்று இன்னும் முடியவில்லை.

கலியாணப் பாட்டை நான்கு குரலில் பாடினார்கள். வேல்ஸ்காரரில் இருபது பேர் வந்து எங்கள் ஆட்களோடு கலந்து நின்றார்கள். பழைய ராகம்தான் நல்லாயிருந்தது என்று வெளியே வந்து குறைசொன்னவர்களும் இருந்தார்கள். அது நடக்கும் என்று தெரியும்.

பதினாறு வயதிலிருந்து எத்தனையோ கலியாணத்தில் பாடகர் வரிசையில் நின்று இதைப் பாடியிருக்கிறேன். மணப்பெண் பாடுவதில்லை. அந்த ஞாபகம் முன்னால் போய் நின்ற பிறகுதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதல் தடவையாக அந்தப் பாட்டு எனக்காக நடந்தது. மேல்குரல் வந்தது, ஆண்குரல்கள் வந்தன. அன்புராசாவும் மாப்பிள்ளை என்பதை மறந்து பாஸை முணுமுணுத்தார். என் காது மட்டும் என் பங்கைத் தேடிற்று. நான் நிற்கிற இடத்தில் இருந்து அது வரவேண்டும், வரவில்லை.

பிறகு பின்னால் இருந்து கேட்டது. கிழட்டுக் குரல், அசையாத குரல். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். என் வழமையான இடத்தில் திருமதி பியூ நின்றார். 'இருவர் ஒருவழி ஏக அருள்வாய்' — தமிழில். ழகரம் சுழிக்கவில்லை, ஆனால் ஒரு சொல் தவறவில்லை. கோடை முழுக்க மரியம்மாவிடம் படித்தாராம்.

பிறைஸ் அம்மா எங்களுக்குக் கொண்டுவந்து தந்ததை அவருடைய ஊர்க்காரி ஒருத்தி எங்கள் பாஷையில் எனக்குத் திருப்பிப் பாடினாள். எனக்குக் கண் தெரியவில்லை.

"ரீச்சர், அழாதேங்கோ, படத்திலை வடிவாய் வராது" என்றார் அன்புராசா. அவர் கன்னமும் ஈரமாகத்தான் இருந்தது.